குடவாசல் சாரும் நெல் களத்து ஹாக்கியும்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கு என் அனுபவத்திலிருந்து எதையாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். விசில் ஊதுவதையும் கோடு போடுவதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். பாடத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பொறாமை. பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறும்போது உங்களுக்கு வயிறு எரியும். எரியாது என்று சொல்கிற ஆளை நம்பாதீர்கள். எனக்கு வேலை பார்த்த காலம் முழுக்க எரிந்தது. அதில் முக்கால்வாசி ஒரே ஒரு மனிதரால் எரிந்தது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. குடவாசல் பக்கத்தில் ஒரு கல்லூரியில் என்னைப் போலவே உடற்கல்வி இயக்குநராக இருந்தார். எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் அவரைக் குடவாசல் சார் என்றுதான் கூப்பிடுவோம். நான் கும்பகோணத்தில். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். சிரித்த முகம். அவர் ஒரு இடத்துக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் முதல் பிரின்ஸிபால் வரை எல்லோருக்கும் அவரிடம் சொல்ல ஏதாவது இருக்கும். நான் நுழைந்தால் எல்லோரும் சட்டையைச் சரிசெய்துகொள்வார்கள். இரண்டும் மரியாதைதான் என்று நான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரோலர் ஹாக்கி கதைக்கு வருகிறேன். காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு மட்டையால் பந்தை அடிக்கிற ஆட்டம். என் அப்பா ரயில்வேயில் இருந்தார். நாங்கள் குடியிருந்த காலனியில் ஒரு சிமெண்ட் தளம் இருந்தது. அங்கே ஒரு ஆங்கிலோ இந்தியன் டீச்சர் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங்கும் ரோலர் ஹாக்கியும் சொல்லிக்கொடுப்பார். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஆடியிருக்கிறேன். நன்றாகவே ஆடினேன். டெல்டாவில் இருந்த பி.டி.க்களில், அதாவது உடற்கல்வி இயக்குநர்களில், அந்த ஆட்டத்தை ஆடியவள் நான் ஒருத்திதான். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியாது.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு ஸ்கேட்டிங் தளம் கட்டித்தரும்படி கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏற்ற இறக்கம் இல்லாத மட்டமான தரை வேண்டும், சுற்றிலும் பலகைத் தடுப்பு வேண்டும், தரை கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். பிரின்ஸிபால்கள் வந்தார்கள், போனார்கள். எல்லோரும் பார்க்கலாம்மா என்றார்கள். நானும் தளம் வரட்டும் என்று காத்திருந்தேன். காத்திருக்கிறோம் என்பதே எனக்கு ஒரு கௌரவமாக இருந்தது. சரியாகச் செய்ய முடியாத ஒன்றை நான் தொட மாட்டேன் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் குடவாசல் சாரிடமிருந்து போன். சக்கரத்தில் ஓடிக்கொண்டே ஹாக்கி ஆடுகிறார்களே, அதற்கு என்ன பெயர் என்று கேட்டார். போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். பெயர்கூடத் தெரியாதவருக்குப் பெயரைச் சொன்னேன். பிறகு இந்த ஊரில் அது ஏன் நடக்காது என்று விலாவாரியாக விளக்கினேன். தரையைச் சொன்னேன், தடுப்பைச் சொன்னேன், ஸ்கேட் வாங்குவதில் இருக்கும் சிக்கலைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டுக்கொண்டார். கடைசியில் அவர் சொன்னது இதுதான்.

"நம்ம ரைஸ் மில்லு களம் ஒண்ணு இருக்குங்க மேடம். நெல்லு காயப்போடாத அன்னைக்குச் சும்மாதான் கெடக்கு. அதுல ஓட்டிப் பாத்தா என்ன?"

அந்தக் களத்தை நானும் திருவாரூர் போகிற பஸ்ஸில் இருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் நின்றால் மறுபக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது, அவ்வளவு பெரிய சிமெண்ட் தரை. எனக்கு அதில் நெல் மட்டும்தான் தெரிந்தது. ஆட்டம் தெரிந்த எனக்குத் தெரியாத இடம், ஆட்டமே தெரியாத அந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே இந்த ரகம்தான். அவர் எங்கிருந்தோ வரவழைத்த சக்கரங்களை மாட்டிக்கொண்டு அவர் கல்லூரிப் பையன்கள் இரண்டு நாள் விழுந்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். பெண்கள் விழுந்தார்கள், முட்டியில் மஞ்சள் பூசிக்கொண்டு மறுநாளும் வந்தார்கள். அதனால் பெண்கள் ஆட்டம் என்று ஆயிற்று. அவர் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியைப் பிடித்தார், நாகப்பட்டினத்தில் ஒன்றைப் பிடித்தார், என்னைப் பிடித்தார். நாலு அணி சேர்ந்தது. லீக் என்று பெயரும் வைத்துவிட்டார்.

முதல் கூட்டம் தஞ்சாவூரில் ஒரு ஓட்டலின் மாடியில் நடந்தது. நான் விதிமுறைகளைத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். நான் பேசும்போது எல்லோரும் தோசையைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர் பேசும்போது பிய்த்துக்கொண்டே கேட்டார்கள், கூடவே சிரித்தார்கள். மேடம்தான் நமக்கெல்லாம் ரூல் புக், அவங்க சொல்றதுதான் சட்டம் என்று அவர் சொன்னார். எல்லோரும் கைதட்டி என்னை லீக்கின் தலைமை நடுவராக ஆக்கினார்கள். கழுத்தில் மாலையைப் போட்டு என்னை ஓரமாக உட்காரவைத்த மாதிரி இருந்தது எனக்கு.

பலகைத் தடுப்பு இல்லாமல் ஆட முடியாது என்றேன். அவர் மில்லில் கிடந்த உமி மூட்டைகளைக் களத்தைச் சுற்றி அடுக்கிவிட்டார். பந்து மூட்டையில் இடித்து மெத்தென்று நின்றது, பெண்களும் விழுந்தால் அடிபடாமல் மூட்டையில் சாய்ந்தார்கள். தரை மட்டமாக இல்லை என்றேன். அதுவும் உண்மை. மழைத் தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும் என்று எந்தக் களத்துக்கும் ஒரு பக்கமாக வாட்டம் வைத்துத்தான் தளம் போடுவார்கள். நடுவில் வைத்த பந்து யாரும் தொடாமலே கிழக்கே உருள ஆரம்பித்துவிடும். இது ஹாக்கியா கோலி விளையாட்டா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறிக்கொள்வோமே மேடம், வாட்டம் ரெண்டு பேருக்கும் பொதுவாகிடும் என்றார். நான் விதிமுறைத் தாளைப் புரட்டினேன். பதில் இல்லாதபோது எனக்கு அது வழக்கம். நீங்களும் இனிமேல் அதைத்தான் செய்வீர்கள், அதனால் சொல்கிறேன், அதைப் பார்ப்பவர்களுக்கு நம்மிடம் பதில் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

என் அணியை எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் மைதானத்தில் பழக்கினேன். மட்டமான தரை. காலையில் கல்லூரி திறக்கும் முன்பு நானும் சக்கரம் மாட்டிக்கொண்டு எப்படித் திரும்புவது, எப்படி நிற்பது என்று செய்து காட்டுவேன். வெளியாட்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. அந்த வாட்டமான களத்தில் மட்டும் நான் சக்கரம் வைப்பதில்லை என்று வீம்பாக இருந்தேன்.

என் அணிக்கு ரஞ்சனி கேப்டன். நாகப்பட்டினத்துப் பெண். அவள் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ரஞ்சனி எங்கள் ஹாஸ்டலில் தங்கி மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே எண்ணம், உடற்கல்விக் கல்லூரியில் சேர வேண்டும், நம்மைப் போல ஆக வேண்டும். ஏன் இந்த வெயிலில் சாக ஆசைப்படுகிறாய் என்று கேட்டிருக்கிறேன். விடவில்லை. அங்கே விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்க வேண்டுமானால் பல்கலைக்கழகம் அங்கீகரித்த ஆட்டத்தில் ஆடிய சான்றிதழ் வேண்டும். எங்கள் ரோலர் ஹாக்கிக்கு அந்த அங்கீகாரம் இல்லை. அது வராவிட்டால் அவள் விழுந்து எழுந்தது எல்லாம் தோட்டத்தில் விளையாடிய கணக்குதான்.

லீக் நடந்தது. சொல்லவே கசப்பாக இருக்கிறது, என் அணி மூன்றாவதாக வந்தது. சட்டம் தெரிந்தவள் பழக்கிய அணி. மட்டத் தரையில் பழகியவர்கள் களத்தின் வாட்டத்தில் பந்தை நேராக அடித்தார்கள், அது வளைந்து போயிற்று. குடவாசல் பெண்கள் வளையும் என்று தெரிந்தே தள்ளி அடித்தார்கள். அவருக்கு ஆட்டம் தெரியாததால் அவர் அணிக்குக் களமே சொல்லிக்கொடுத்துவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ரஞ்சனி அடுத்த தடவை நாமும் அந்தக் களத்தில் பழகலாம் மேடம் என்றாள். அடுத்த தடவை அவள் கல்லூரியில் இருக்க மாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இறுதி ஆட்டம் குடவாசலுக்கும் நாகப்பட்டினத்துக்கும். நடுவர் நான். இங்கேதான் குடவாசல் சார் இன்னொரு காரியம் செய்தார். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவின் அதிகாரி ஒருவரை வரச் சம்மதிக்கவைத்துவிட்டார். அந்த அதிகாரிக்கு நான் எழுதாத கடிதம் கிடையாது. அவர் அன்று நாகப்பட்டினத்தில் ஒரு விழாவுக்குப் போகிறார், போகிற வழியில் அரை மணி நேரம் இறங்கிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஒழுங்காக ஒரு ஆட்டத்தைப் பார்த்தால் இந்த வருஷத்திலிருந்தே ஆட்டத்தைச் சேர்க்கச் சொல்லி எழுதுவார். பார்க்காவிட்டால் அடுத்த வருஷம். கடைசி வருஷப் பெண்களுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. அதனால் எங்கள் அணி ஆடாவிட்டாலும் ரஞ்சனி தன் ஸ்கேட்டையும் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தாள்.

மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து மில்லில் கூட்டம் குறைந்திருந்த ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் போய் இறங்கியபோது களத்தைச் சுற்றி ஊரே நின்றது. ஆனால் சத்தம் இல்லை. இரண்டு அணிப் பெண்களும் ஸ்கேட்டைக் கையில் வைத்துக்கொண்டு உமி மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

களத்தைப் பார்த்தேன். ஆடுகிற பகுதி முழுக்கச் சாணத்தைக் கெட்டியாகக் கரைத்து மெழுகியிருந்தார்கள். அதன் மேல் மாக்கோலம். இந்தப் பக்கத்து கோல் போஸ்டில் ஆரம்பித்து அந்தப் பக்கத்து கோல் போஸ்ட் வரை, ஒரு தேர், இரண்டு பக்கமும் தாமரை, நடுவில் நல்வரவு. அவ்வளவு பெரிய கோலத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

மில்லில் நெல் துழாவுகிற பெண்கள் செய்த வேலை. லீக் ஆரம்பித்ததிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவர்கள் அவர்கள். பெரிய மனிதர் ஒருவர் வருகிறார், களத்தைக் கொஞ்சம் நன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று குடவாசல் சார் முதல் நாள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெரிய மனிதர் வந்தால் வாசலுக்கு என்ன செய்வார்களோ அதைக் களத்துக்குச் செய்துவிட்டார்கள். விடியலில் எழுந்து வந்து, சம்பளம் இல்லாமல். ரோலர் ஹாக்கி ஆடுகிற வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு தவறு நடக்க வழியே இல்லை.

அரைகுறையாகக் காய்ந்த சாணத்தில் சக்கரம் பிடிக்காது. முதலில் இறங்கிப் பார்த்த பெண்தான் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடவாசல் சார் என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவரை நான் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான்தாங்க மேடம் சொன்னேன். இப்புடிப் பண்ணுவாங்கன்னு தோணல. நீங்கதான் முடிவு சொல்லணும்."

சொல்வதற்கு எனக்கு வெட்கம் இல்லை. உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. விசில் என் கழுத்தில் தொங்குகிறது. தளம் ஆட்டத்துக்கு லாயக்கில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சட்டம் என் பக்கம், பாதுகாப்பு என் பக்கம், உண்மையும் என் பக்கம். ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல முடியாது. லீக் அவருடையது, சாணமும் அவருடையது என்று ஊர் பேசும். உங்கள் வேலையில் இப்படி ஒரு நிமிஷம் கட்டாயம் வரும். நீங்கள் சொல்லப்போகும் முடிவும் உங்கள் மனதில் இருக்கிற எரிச்சலும் ஒரே வார்த்தையில் வந்து நிற்கும். அப்போது அந்த வார்த்தையைச் சொல்கிறவர் யார் என்று உங்களுக்கே தெரியாது. நடுவரா, பொறாமை பிடித்தவளா என்று எனக்கும் அப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ரஞ்சனி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கெஞ்சவில்லை. "நடக்குமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியாது என்றேன். அது உண்மை. அந்தத் தரையில் நான் சக்கரம் வைத்ததே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்? உன் ஸ்கேட்டைக் கொடு என்று அவளிடம் வாங்கினேன். மூட்டை மேல் உட்கார்ந்து சேலையைத் தூக்கிச் செருகி மாட்டிக்கொண்டேன். ரிடையர் ஆக இன்னும் சில மாதம்தான் இருந்தது. முட்டி ஏற்கெனவே தகராறு. விழுந்து இடுப்பு உடைந்தால் கல்லூரியில் வழியனுப்பு விழாவைப் படுக்கைக்குப் பக்கத்தில்தான் நடத்த வேண்டியிருக்கும். ஆனாலும் இறங்கினேன். நியாயத்துக்காக இறங்கினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இத்தனை மாதம் வீம்பாக விலகி நின்ற களத்தில் ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

இரண்டாவது தள்ளலிலேயே கால் வழுக்கியது. உடம்பைத் தாழ்த்திக்கொண்டேன். களத்தின் வாட்டம் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. எதிர்த்து நிற்காமல் விட்டுக்கொடுத்து, தேர்ச்சக்கரத்தைத் தாண்டி, தாமரையைச் சுற்றி வளைந்து, மூட்டை ஓரத்தில் குறுக்கே காலை வைத்து நின்றேன். சக்கரம் போன தடத்தில் சாணம் உரிந்து சிமெண்ட் வெள்ளையாகத் தெரிந்தது. அதைத்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது. மேலே ஒரு படலம்தான், தரை கெடவில்லை. கழுவினால் போய்விடும். தலையை நிமிர்த்தினால் ஊரே வாயைப் பிளந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. குடவாசல் சாரும்தான்.

கழுவிக் காயவைத்தால் ஆடலாம் என்றேன். காய்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. கோலத்தை அழிக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் புதுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு நிழலில் வரிசையாக நின்றிருந்தார்கள். குடவாசல் சார் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லோருக்கும் நல்லவராக இருக்கிற மனிதருக்கு அந்த வார்த்தை வாயில் வரவே வராது. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஸ்கேட்டோடே அவர்கள் பக்கம் போய் நின்றேன்.

"கோலம் ரொம்ப நல்லாருக்கு. ஆனா அது இருந்தா இந்தப் புள்ளைங்க கை கால் முறியும். இப்பவே கழுவணும்."

அவர்களில் மூத்தவள் பாக்கியம். அவள் கோலத்தை ஒரு தடவை முழுக்கப் பார்த்தாள். பிறகு குடவாசல் சார் பக்கம் திரும்பினாள்.

"நல்லா வச்சுக்கன்னா எப்புடி வச்சுக்கணும்னு சொல்லத் தெரியாதாக்கும் ஒனக்கு? விடியக்காலைலேந்து குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு." சொல்லிக்கொண்டே புடவையை இழுத்துச் செருகினாள். "ஏய், மோட்டாரப் போடுங்கடி."

அடுத்து நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மில் மோட்டார் ஓடியது. பாக்கியம் குழாயைப் பிடித்தாள். மற்ற பெண்கள் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தார்கள். இரண்டு அணிப் பெண்களும் ஸ்கேட்டை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்கள். உமி மூட்டை நனையாமல் இழுத்துப் போட்டார்கள். ரஞ்சனி அந்த இரண்டு அணியிலும் இல்லை, ஆனால் அவள்தான் முதலில் இறங்கினாள். தண்ணீர் வாட்டத்தோடு கிழக்கே ஓடி வாய்க்காலில் விழுந்தது. நான் கேலி செய்த அதே வாட்டம். அது இல்லாவிட்டால் தண்ணீர் குளமாக நின்றிருக்கும்.

அப்போது கார் வந்தது.

அதிகாரி இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். களம் முழுக்கத் தண்ணீர். நானாக இருந்தால் காரணங்களை வரிசைப்படுத்திச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அவரை ஐந்து நிமிஷத்தில் வண்டியில் திருப்பி ஏற்றியிருப்பேன். குடவாசல் சார் மன்னிப்பே கேட்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார். தேர், தாமரை, நல்வரவு, எல்லாம் உங்களுக்காகப் போட்டது சார், நீங்க வர்றதுக்குள்ள உங்க கோலத்தையே அழிக்க வேண்டியதாப்போச்சு என்றார். அதிகாரி முதலில் முழித்தார். பிறகு சிரித்தார். கோலத்தின் மிச்சம் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒரு மூலையில் தாமரை இதழ் ஒன்று இருந்தது. அதைக் காட்ட அவரைக் களத்துக்குள் அழைத்துக்கொண்டு போனார், அதற்கு அந்த மனிதர் ஷூவைக் கழற்ற வேண்டியிருந்தது. ஷூவைக் கழற்றியவரின் கையில் நெல் தள்ளுகிற பலகை ஒன்று எப்படி வந்தது என்று எனக்கு இன்று வரை தெரியாது. திரும்பிப் பார்த்தால் பல்கலைக்கழக அதிகாரி பேன்ட்டை முட்டி வரை மடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, பாக்கியத்துக்குப் பக்கத்தில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

என் வயிறு எரிந்த எரிச்சலில் அந்தக் களத்தை வெயில் இல்லாமலே காயவைத்திருக்கலாம். வருஷக்கணக்கில் என் கடிதத்துக்கு ஒரு வரி பதில் போடாத மனிதர் அவர்.

மாசி வெயில் நல்ல வெயில். களம் காய்ந்தது. ஆட்டம் நடந்தது. அதிகாரி நாகப்பட்டினம் விழாவை மறந்துவிட்டு உமி மூட்டை மேல் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். குடவாசல் அணி ஒரு கோலில் தோற்றது. தோற்ற அணியின் பி.டி. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். தோற்றாலும் முகம் வாடாத ஆட்களோடு ஒரே தொழிலில் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

பரிசு கொடுத்து முடித்ததும் அதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, இதை ஆரம்பித்தது யார் என்று கேட்டார். குடவாசல் சார் யோசிக்கக்கூட இல்லை.

"மேடம்தாங்க சார். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எல்லாம் அவங்ககிட்ட கேட்டுக் கேட்டுச் செஞ்சதுதான்."

எத்தனை வருஷம் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூட்டம் என் பக்கம் திரும்பியது. நான் சும்மா நின்றிருந்தால் போதும். ரஞ்சனி முகமெல்லாம் பூரித்துப்போய்க் கைதட்டத் தயாராக நின்றாள். இந்தப் பெயர் வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன். ஆனால் அதை அவர் தானமாகக் கொடுத்து நான் வாங்கிக்கொள்வதா? மைக்கை வாங்கினேன்.

"எனக்கு இந்த ஆட்டம் சின்ன வயசுலேர்ந்தே தெரியும் சார். தெரிஞ்சுக்கிட்டு நான் சும்மாதான் இருந்தேன். ஆரம்பிச்சது அவரு."

கைதட்டல் காதைப் பிளந்தது. எவ்வளவு அடக்கம் பாருங்கள் இந்த அம்மாவுக்கு என்று அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. உண்மையைச் சொன்னதற்கு அடக்கம் என்று பெயர் வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வருஷமே அங்கீகாரம் வந்தது. ரஞ்சனிக்கு உடற்கல்விக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது அவளும் உங்களில் ஒருத்தி. வந்த உத்தரவில் லீக்கை நிறுவியவர் என்று என் பெயர்தான் இருந்தது. அதிகாரியைக் காரில் ஏற்றிவிடும்போது குடவாசல் சார் மறுபடியும் சொல்லி முடித்துவிட்டார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு அழைப்பிதழிலும் அதே பெயர். மாற்றச் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள்.

ரிடையரான பிறகும் இறுதி ஆட்டத்துக்குப் போகிறேன். போன தடவை மூட்டை ஓரத்தில் அவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. அவரும் அதற்குள் ரிடையர் ஆகியிருந்தார். கேட்டுவிட்டேன். அன்னைக்கு ஏன் என் பேரைச் சொன்னீங்க, நீங்கதானே ஆரம்பிச்சீங்க என்று. அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"நீங்க ஆசப்பட்டீங்களே மேடம். எனக்கு மொத நாளே தெரியும்."

குத்தல் இல்லை, கேலி இல்லை. பிள்ளைக்குப் பசிக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். போனில் ஆட்டத்தின் பெயரைக் கேட்ட அன்றைக்கே என் குரலில் அவருக்கு அது கேட்டிருக்கிறது. ஓட்டல் மாடியில் கேட்டிருக்கிறது, நான் வாட்டத்தைக் கேலி செய்தபோது கேட்டிருக்கிறது. இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாமல் நான் மறைத்து வைத்ததாக நினைத்த ஒன்றை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாளும் காட்டிக்கொள்ளவில்லை. என் பெயரை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

இளையவர்களே, உங்களுக்குப் புத்திமதி என்று ஒன்று இருக்க வேண்டும் என்றால் அதை நீங்களே இதில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார், ஒன்றை என்னிடம் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை கூடாது என்பதைக் கேட்காமலே சர்க்கரை இல்லாமல் வாங்கியிருந்தார். அதுவும் எனக்குத் தாங்கவில்லை.